வன்னியில் விபத்து நட்டஈடு கேட்பது: சட்டத்தரணியிடம் போக முன்னும் போன பிறகும்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் மோட்டார் சைக்கிளில் போன சித்தப்பாவை டிப்பர் அடித்து நான்காம் நாள். அவர் காலைத் தூக்கிக் கட்டியபடி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், டிப்பர்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து 25,000 ரூபாயை மேசையில் வைத்தார்கள். கூடவே ஒரு கடதாசி. "பொலிசில சமாதானம் எண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா, ஏன் கோடு கச்சேரி எண்டு அலையப் போறியள்" என்றார்கள். சித்தி பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு ரீச்சர் அந்த நேரம் வந்திராவிட்டால் கதை அன்றோடு முடிந்திருக்கும். பிறகு அந்தக் காலுக்கு இரண்டு சத்திரசிகிச்சை, ஒரு பெரும்போகம் முழுக்க வயல் விதைக்கவில்லை. 25,000 அதில் எந்த மூலைக்கு?

இதை எழுதுவதே அந்தக் கையெழுத்துக்காகத்தான். எங்கள் பக்கத்தில் விபத்து வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்பதை விட, முதல் இரண்டு கிழமைக்குள் வீட்டு விறாந்தையிலும் பொலிஸ் வாசலிலும் செத்துப்போவதுதான் அதிகம் என்பது நான் கண்டது. அதனால் அந்த நாட்களைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் பொலிஸ். முறைப்பாட்டை அன்றைக்கே போடுங்கள், காயப்பட்டவரால் முடியாவிட்டால் வீட்டுக்காரர் யாராவது போகலாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்குங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு "இதில சைன் பண்ணுங்கோ" என்று நீட்டப்பட்டால், வாசித்து விளங்காமல் வைக்க வேண்டாம். 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ், தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை இருங்கள், இல்லையென்றால் அடுத்த நாள் வருகிறோம் என்று சொல்லுங்கள். சித்தப்பா சொன்னது "சிக்னல் போட்டு, பின்னுக்குப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்" என்று. எழுதப்பட்டிருந்தது "வலப்பக்கம் திரும்பினேன்" என்று மட்டும். சிக்னலும் இல்லை, பார்த்ததும் இல்லை. பிறகு பிரதி எடுத்துப் பார்த்த சட்டத்தரணிதான் அதைக் கண்டுபிடித்தார், மேலதிக வாக்குமூலம் கொடுத்துத் திருத்த இரண்டு மாதம் போனது.

இடத்துப் படங்களை அன்றைக்கே எடுத்து வையுங்கள். ரயர் தடம், வாகன இலக்கத் தகடு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம், ஹெல்மெற். மோட்டார் சைக்கிளை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்க முன்னர் திருத்தக் கொடுக்க வேண்டாம், பழைய இரும்புக்கு விற்கவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. லைசன்ஸ் இல்லை என்ற பயத்திலோ, அடித்தவர் தெரிந்த பெடியன் என்ற இரக்கத்திலோ, "சும்மா விழுந்துட்டன் டொக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். அது அப்படியே ஆஸ்பத்திரியில் உங்களைப் பற்றி எழுதி வைக்கும் கட்டில் தலைப்பு ஏட்டில் ஏறும், பிறகு எந்தச் சட்டத்தரணி வந்தும் அதை அழிக்க முடியாது. நடந்ததைச் சொல்லுங்கள். பொலிஸ் கொடுக்கும் மருத்துவ சட்டப் படிவத்துடன் சட்ட வைத்திய அதிகாரி பார்த்தாரா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள், ஏனென்றால் காயம் எவ்வளவு பாரதூரமானது என்பதை நீதிமன்றத்தில் சொல்லப்போவது அவருடைய அறிக்கைதான். வீட்டுக்கு விடும்போது நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் காட்டின் மூலப்பிரதி உங்களிடம் இருக்கட்டும், மற்றவர்களுக்குப் போட்டோக் கொப்பி போதும்.

அப்புறம் காசுக் கணக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்பதால் பில் இல்லையே, எதைக் காட்டிக் கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எத்தனை தரம் போனீர்கள், வானுக்கு எவ்வளவு, கூட நின்றவர் எத்தனை நாள் கூலி இழந்தார், வெளியில் வாங்கிய மருந்து என்ன, எல்லாவற்றையும் திகதி போட்டு அன்றன்றே எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதிய கணக்கை எதிர்ச் சட்டத்தரணி ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார். உழைப்பைக் காட்டுவது இன்னும் கஷ்டம், எங்களில் எத்தனை பேருக்குச் சம்பளச் சிட்டை இருக்கிறது? வயல் செய்கிறவர் என்றால் நெல் விற்ற துண்டுகள், கமநல சேவை நிலையத்தில் உள்ள பதிவு, கமக்காரர் அமைப்பின் கடிதம். கடலுக்குப் போகிறவர் என்றால் கடற்றொழிலாளர் சங்கக் கடிதம். மேசன் வேலை என்றால் வேலை கொடுத்த இரண்டு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். கிராம அலுவலர் கடிதம் உதவும், ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

சரி, சட்டத்தரணி. ஆஸ்பத்திரி வார்ட்டுக்கே ஆள் அனுப்பி "நாங்கள் எடுத்துத் தாறம்" என்று கடதாசி நீட்டுகிறவர்களிடம் போகவே வேண்டாம், வழக்குத் தேடி அலைவது சட்டத்தரணிகளின் தொழில் ஒழுக்க விதிகளிலேயே தடுக்கப்பட்டது. நீதிமன்றத்துக்கு ஒரு காலை போய் இருந்து பாருங்கள். நீதவான் நீதிமன்றத்தில் நன்றாக வாதாடுகிறவர் எல்லோரும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் பேசுவதில்லை, அதனால் "இந்த மாதிரி வழக்கு எத்தனை செய்திருக்கிறீர்கள்" என்று நேரே கேளுங்கள், நல்ல சட்டத்தரணி கோபிக்க மாட்டார். கொழும்பில் பெரிய ஆளைப் பிடித்தால்தான் வெல்லலாம் என்பதும் தேவையில்லாத நினைப்பு. விபத்து நடந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், லொறிக்காரர் எந்த ஊராக இருந்தாலும் அவர்தான் இங்கே வரவேண்டும். உள்ளூர் சட்டத்தரணி அந்த வளைவை, அந்த மதகை, இரவில் மாடு படுக்கும் இடத்தைக் கண்ணால் கண்டவர்.

காசை முதலே கதையுங்கள். மொத்தம் எவ்வளவு, வழக்குக் கூப்பிடும் தவணை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, வழக்குத் தள்ளிப்போனாலும் தவணைக் காசு உண்டா, ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு. உங்களுக்காக வழக்குப் பேச அவருக்கு அதிகாரம் கொடுக்கும் புறொக்சியில் கையெழுத்து வைக்க முன்னர் பெயர்களும் விபரங்களும் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள், வெறும் கடதாசியில் யாருக்கும் வைக்காதீர்கள். கட்ட வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்காகவே உருவாக்கப்பட்டது. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், ஆகவே கிராம அலுவலர் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டு போங்கள்.

பலர் குழம்பும் இடம் இதுதான். சாரதிக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போடுவது அரசாங்கத்தின் வழக்கு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும், உங்கள் கைக்கு ஒரு சதமும் வராது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி நீதவான் உத்தரவிட முடியும், ஆனால் உங்கள் பக்கத்தில் யாரும் எழும்பிக் கேட்காவிட்டால் அது தவறிப்போகலாம், அந்தத் தவணைக்குச் சட்டத்தரணியோடு போய் நில்லுங்கள். இழந்த உழைப்புக்கும் வேதனைக்கும் முழுமையாகக் கேட்பது மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் போடும் தனி வழக்கில். காணி சீதனத்துக்கு எங்கள் வழமைச் சட்டமான தேசவழமை, இதற்கு ஒல்லாந்தர் காலத்தில் இருந்து வரும் உரோமன் டச்சுச் சட்டம். மற்றவரின் கவனயீனத்தால் இந்தச் சேதம் வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் பக்கத்திலும் பிழை இருந்தால் வழக்கு விழாது, 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அந்த அளவுக்குத் தொகை குறையும். ஹெல்மெற் போடாததைச் சட்டத்தரணியிடம் மறைக்காதீர்கள், அவர் அதை முதல் நாளே அறிந்திருக்க வேண்டும்.

மாவட்ட நீதிமன்றத்தில் இந்த வழக்கைப் போடக் காலக்கெடு இரண்டு வருடம். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்னும் அதைத்தான் சொல்கிறது. நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும், அவர்களுக்குச் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. இராணுவ வாகனமோ திணைக்கள வாகனமோ அடித்திருந்தால் அரசாங்கத்தின் சார்பில் நிற்கும் சட்டமா அதிபருக்கு எதிராகப் போகவேண்டும், அதற்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகுதான் வழக்குப் போடலாம், எனவே நாட்களை அதற்கேற்ப எண்ணுங்கள். வாகனத்தின் காப்புறுதிக் கம்பனிக்கும் வழக்கைப் பற்றிச் சட்டப்படி அறிவிக்க வேண்டும், அதைச் செய்தாரா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். அரிசி ஆலையிலோ மண் ஏற்றும் இடத்திலோ வேலை செய்யும்போது காயப்பட்டவருக்கு வேறு வழியும் உண்டு, 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்.

இடையில் காப்புறுதிக் கம்பனி சமாதானத்துக்குக் கூப்பிடும். போவது பிழையில்லை, வழக்கு வருடக்கணக்கில் இழுபடும் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் தரும் படிவத்தில் "முழுமையானதும் இறுதியானதும்" என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே கையெழுத்து விழுந்தால் நாளைக்குக் கால் சீழ் பிடித்தாலும் கேட்க முடியாது. சித்தப்பாவின் எலும்பில் வைத்த தகட்டைப் பிறகு எடுக்க வேண்டும் என்று சத்திரசிகிச்சை வைத்தியர் எழுதிய இரண்டு வரிக் கடிதத்தை மேசையில் வைத்த பிறகுதான் அவர்கள் சொன்ன தொகை ஏறியது. பேச்சுக்குப் போகும் நாளுக்கு முன்னரே அப்படியொரு கடிதத்தை உங்கள் வைத்தியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.