சுகர் பார்டரில் இருப்பவர்கள் மீன் எண்ணெயை எப்படி எடுத்துக்கொள்வது?

"சுகர் பார்டர்ல இருக்கு" என்று டாக்டர் சொன்ன வாரமே மீன் எண்ணெய் மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். வாங்கியதில் தப்பில்லை. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் விழுங்கினால், மூன்று மாதம் கழித்தும் சர்க்கரை அப்படியே நிற்பதைப் பார்த்து மனசு விட்டுப்போகும்.

முதலில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதுதான் பார்டர். கொலஸ்ட்ரால் பார்த்த பக்கத்தில் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) என்று ஒரு வரி இருக்கும், அதைப் பேனாவால் சுழித்து வையுங்கள். மீன் எண்ணெய் விஷயத்தில் சர்க்கரையைவிட அந்த வரிதான் நமக்கு முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. எடை கூடக்கூட அங்குள்ள செல்கள் ஊதிப் பெருத்து, ஒரு கட்டத்தில் சில செத்துப்போகின்றன, அவற்றைச் சுத்தம் செய்ய மேக்ரோபேஜ் என்ற வெள்ளையணுக்கள் வந்து செத்த செல்லைச் சுற்றிக் கிரீடம் வைத்த மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன. அங்கிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் கசிந்து, இன்சுலின் சொல்வதை மற்ற செல்கள் காதில் வாங்காதபடி செய்துவிடுகின்றன. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வருஷக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும்.

மீன் எண்ணெயில் இருக்கும் இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகளும் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. மேக்ரோபேஜின் மேல் ஜிபிஆர்120 என்றொரு ஏற்பி, அதாவது சாவிக்குக் காத்திருக்கும் பூட்டு மாதிரி ஒன்று, இருக்கிறது; ஒமேகா-3 அதில் போய் ஒட்டினால் அழற்சி தணிகிறது என்று 2010இல் எலிகளில் காட்டினார்கள், அந்த ஏற்பியை நீக்கிய எலிகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. ஆனால் நாம் எலி இல்லையே. சர்க்கரைக் கோளாறு இருந்த 12,500க்கும் மேற்பட்டவர்களுக்கு 6 வருஷம்போல தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்த ஆரிஜின் ஆய்வில் (2012) ட்ரைகிளிசரைடு கொஞ்சம் இறங்கியது, இதய நோயால் வரும் மரணம் குறையவில்லை. 2019இல் 83 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒமேகா-3 சர்க்கரை நோய் வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை. அதைத் தடுப்பது எடையும் நடையும்தான்: உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கு வைத்துச் செய்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அதை விட்டுவிட்டு மாத்திரையை நம்பாதீர்கள், தயவுசெய்து.

சரி, டப்பாவைத் திருப்புங்கள். முன்பக்கம் "மீன் எண்ணெய் 1000 மி.கி." என்று பெரிதாக இருக்கும், அதை விடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 300 மி.கி. மட்டும்தான். ட்ரைகிளிசரைடை நன்றாக இறக்க இந்த இரண்டும் சேர்ந்து நாளுக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும், அதாவது இந்த மாத்திரையில் குறைந்தது 7! அந்த அளவுக்குப் போவதென்றால் டாக்டர் சொல்லித்தான் போக வேண்டும், ஏனென்றால் அதிக அளவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் சின்ன அளவு என்றாலும் கேட்டுவிட்டே தொடங்குங்கள். காட் லிவர் ஆயில் வேறு சரக்கு, அதில் வைட்டமின் ஏ அதிகம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

டப்பா திறந்ததும் ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி, ஒரு சொட்டை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாசம் பரவாயில்லை. பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை குப்பென்று அடித்தால் அது கெட்டுப்போனது, தூக்கிப் போடுங்கள். வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும், மீன் ஏப்பமும் குறையும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீனை வாரம் இரண்டு முறை, பொரிக்காமல் சாப்பிட்டாலே நல்லது. சைவர்களுக்கு நுண்பாசி எண்ணெய் (ஆல்கல் ஆயில்) மாத்திரை இருக்கிறது. ஆளி விதையில் இருப்பது வேறு ஒமேகா-3, உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் இபிஏவாக மாற்றும்.

அப்புறம், மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையை, அதே மாதிரி வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள். சுழித்து வைத்த வரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, எண் அசையவே இல்லை என்றால் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள்.