சீலியாக் என்று தெரிந்த பிறகு ஹோட்டலில் சாப்பிடுவது எப்படி?

சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய்) என்று டாக்டர் சொன்னதும் நம் ஊரில் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொல்வார்கள்: "நாம அரிசி சாப்பிடுறவங்கதானே, சப்பாத்தியை நிறுத்தினா போதும்." வீட்டில் இது ஓரளவு சரி. ஹோட்டலில் போதவே போதாது. பரோட்டாவும் பூரியும் பார்த்தாலே தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாமல் க்ளூட்டன் நம் தட்டுக்கு வருவது பெரும்பாலும் பெருங்காயம், தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி ஆகிய மூன்று வழிகளில். இந்த மூன்றையும் விசாரிக்கப் பழகிவிட்டால் வெளியே சாப்பிடும் பயம் பாதி குறையும்.

(ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி இன்னும் முடியவில்லை என்றால் கோதுமையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரலாம்.)

படி 1: கோதுமையின் மற்ற பெயர்கள்

விலக்க வேண்டியவை கோதுமை, பார்லி, ரை (கோதுமை மாதிரியான ஒரு தானியம்). இதில் கோதுமைக்குத்தான் வேஷம் அதிகம். மைதா, ரவை, சம்பா ரவை, சேமியா எல்லாமே பொதுவாகக் கோதுமைதான். ரவை கோதுமையிலிருந்து வருவது என்று சமையல் தெரிந்தவர்களிலேயே பலர் யோசித்திருக்க மாட்டார்கள். ஆகவே ரவா தோசை, ரவா இட்லி, ரவை உப்புமா, கிச்சடி, கேசரி, சேமியா பாயசம் வேண்டாம். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது, அதுவும் வேண்டாம். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை சேர்ந்திருக்கும் என்பதால் ஃப்ரைடு ரைஸையும் விட்டுவிடுங்கள். ஹார்லிக்ஸில் கோதுமை, பார்லி இரண்டும் உண்டு. பீர் பார்லியில் செய்வது.

அரிசி, உளுந்து, பருப்பு வகைகள், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பால், முட்டை, மீன், கறி, காய், பழம் இவற்றில் இயல்பாகவே க்ளூட்டன் கிடையாது.

படி 2: பெருங்காயத்தை விசாரியுங்கள்

கடையில் விற்கும் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் இல்லை. பிசினின் காரத்தைக் குறைக்க அதோடு மாவும் கோந்தும் கலப்பார்கள். அந்த மாவு பல பிராண்டுகளில் மைதா அல்லது கோதுமை மாவு. தூள் மட்டுமல்ல, கட்டிப் பெருங்காயமும் அப்படித்தான். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

ஹோட்டலில் இது எங்கெல்லாம் விழுகிறது? சாம்பார், ரசம், பொங்கல், புளியோதரை, தயிர் சாதத் தாளிப்பு, சுண்டல், சட்னித் தாளிப்பு, மிளகாய்ப் பொடி. அதாவது இட்லி சுத்தமாக இருந்தும் தொட்டுக்கொள்வதில் சிக்கல் வந்துவிடும். "ஒரு சிட்டிகைதானே" என்பார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, க்ளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் போட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு பிரெட் துண்டில் க்ளூட்டன் கிராம் கணக்கில் இருக்கும். இந்த நோயில் எவ்வளவு சின்ன அளவும் கணக்கில் வரும் என்பது இதிலிருந்தே புரியும்.

அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. அதைப் போட்டு வீட்டில் இட்லிப் பொடி இடித்து, சின்ன டப்பாவில் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இந்த டப்பாதான் வெளிச்சாப்பாட்டுக்கு முதல் துணை.

படி 3: கல்லையும் சட்டியையும் பாருங்கள்

தோசை மாஸ்டர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். ஒரே பெரிய கல். இந்தப் பக்கம் ரவா தோசை, அந்தப் பக்கம் சப்பாத்தி. எடுத்ததும் தண்ணீர் தெளித்து, ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு. மொறுமொறுப்பான துணுக்குகள் ஓரத்துக்குப் போகும், கொஞ்சம் துடைப்பத்திலேயே ஒட்டியிருக்கும். அடுத்த நிமிடம் அதே இடத்தில் உங்கள் சாதா தோசை. சூட்டில் க்ளூட்டன் அழியாது. தனிக் கல், தனிக் கரண்டி இருந்தால் சாப்பிடலாம், இல்லையென்றால் தோசையை விட்டுவிடுங்கள். சில இடங்களில் முறுகலுக்காக மாவிலேயே ரவையோ மைதாவோ சேர்ப்பதுண்டு, அதையும் கேளுங்கள்.

எண்ணெய்ச் சட்டியும் இதே கதை. பூரியும் சமோசாவும் பொரிந்த எண்ணெயில் போட்ட உளுந்து வடை நமக்கு ஆகாது.

படி 4: நேரம்

ஞாயிறு ராத்திரி கூட்டத்தில் போய் நின்றால் யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது. மதியச் சாப்பாடு ஓய்ந்த பிறகு, மூன்று நான்கு மணிக்குப் போன் செய்யுங்கள் அல்லது நேரில் போய்ப் பேசுங்கள்.

படி 5: என்ன சொல்லிக் கேட்பது

க்ளூட்டன் என்ற சொல்லே வேண்டாம், பொருளின் பெயரைச் சொல்லுங்கள். இப்படி:

"அண்ணா, எனக்குக் கோதுமை, மைதா, ரவை, சேமியா கொஞ்சம் பட்டாலும் உடம்புக்கு ஆகாது. டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்கார். சாம்பார்ல என்ன பெருங்காயம் போடுறீங்க, டப்பாவைக் காட்ட முடியுமா? மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

"டயட்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். டயட் என்றால் கொஞ்சம் பட்டால் பரவாயில்லை என்று நினைத்துவிடுவார்கள். இப்போது பல ஹோட்டல் சமையலறைகளில் வடமாநிலத் தம்பிகள் வேலை பார்க்கிறார்கள். கேஹூன் என்றால் கோதுமை, சூஜி என்றால் ரவை, ஹீங் என்றால் பெருங்காயம். இவற்றை இந்தியிலும் தமிழிலும் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு உள்ளே கொடுத்தனுப்புங்கள்.

படி 6: எதை ஆர்டர் செய்வது

முதல் சில மாதங்களுக்கு ஆவியில் வெந்ததையும் வெறும் சாதத்தையும் நம்புங்கள். இட்லியோடு நெய்யும் உங்கள் பொடியும். இடியாப்பம் அரிசி மாவில் மட்டும் பிழிந்ததா என்று கேட்டுவிட்டுத் தேங்காய்ப் பாலோடு. வெறும் சாதம், தாளிக்காத தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம், இளநீர், ஃபில்டர் காபி. குருமாவும் சால்னாவும் கெட்டியாக இருக்க மாவு கரைத்து ஊற்றும் இடங்கள் உண்டு, தெரியாத கடையில் தொடாதீர்கள். பரோட்டாக் கடையில் மாவு காற்றிலேயே பறக்கும், அங்கே எதுவுமே வேண்டாம்.

கல்யாண வீட்டில் "ஒரு வாய்தானே, ஆசையாப் போடுறேன்" என்று அத்தை சொல்லும்போதுதான் மறுப்பது கஷ்டம். இலையில் உட்காரும் முன்பே பந்தி பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் சங்கடம் குறையும்.

படி 7: தவறிப் போய் சாப்பிட்டுவிட்டால்

வாந்தி எடுக்க முயல வேண்டாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். வயிற்றுப்போக்கோ வலியோ கடுமையாக இருந்தால் டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, ஆனால் உள்ளே சிறுகுடல் பாதிக்கப்படும். அதனால் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பதை வைத்து ஒரு கடையை நல்ல கடை என்று முடிவு செய்யாதீர்கள். டாக்டர் சொன்ன இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஒத்துவரும் ஹோட்டல் ஒன்று அமைந்துவிட்டால் அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள், முகம் பழகட்டும். அப்போதும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். மாஸ்டர் மாறியிருக்கலாம், பெருங்காய பிராண்டும் மாறியிருக்கலாம்.