டிசிபி மேல் சொந்த புரோட்டோகால்: முதலில் ஹெடர்

இரு கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் டிசிபிக்கு மெசேஜ் எங்கே முடிகிறது என்பது தெரியாது. அதன்மேல் சொந்த புரோட்டோகால் (தொடர்பு விதிமுறை) எழுதினால் அதை நாம்தான் சொல்ல வேண்டும். வரிசை மாறாமல் பைட்டுகளைச் சேர்ப்பதோடு டிசிபியின் வேலை முடிந்தது. இரண்டு முறை அனுப்பியது ஒரே ரிசீவில் (பெறும் அழைப்பில்) வரலாம். ஒருமுறை அனுப்பியது மூன்று துண்டாகவும் வரலாம். லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினிக்குள் சோதிக்கும்போது) பெரும்பாலும் முழுசாக வந்துவிடுவதால் இந்தப் பிழை புரொடக்‌ஷனில்தான் தலைகாட்டும்.

அதனால் ஒவ்வொரு மெசேஜுக்கு முன்னும் நிலையான அளவில் ஒரு ஹெடர் (மெசேஜைப் பற்றிய தகவல் உள்ள முன்பகுதி) வையுங்கள். 12 பைட் போதும்: நீளம் 4, பதிப்பு 1, வகை 1, ஃபிளாக் 2, கோரிக்கை எண் 4. நீளத்தில் ஹெடரும் சேர்த்தியா, இல்லையா என்பதை ஆவணத்தில் எழுதிவிடுங்கள். இதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டால் அடுத்த மெசேஜ் 12 பைட் தள்ளிப் படிக்கப்படும். அதன்பின் வருவதெல்லாம் குப்பைதான்.

எண்களை பிக் எண்டியனில், அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்படி அனுப்புங்கள். 300 என்பது 0, 0, 1, 44 என்று போகும். எதிர் வரிசையில் படிக்கும் எக்ஸ்86 இயந்திரம் இதைத் திருப்பாமல் படித்தால் 73,82,63,040 என்று எடுத்துக்கொள்ளும். சி மொழியின் ஸ்ட்ரக்டை (புலங்களின் தொகுப்பை) அப்படியே சாக்கெட்டில் (இணைப்பின் முனையில்) எழுதுவதும் வேண்டாம். கம்பைலர் இடையில் பேடிங் (நிரப்பு பைட்டுகள்) செருகியிருக்கலாம்.

படிக்கும் பக்கம் 12 பைட் சேரும்வரை லூப்பில் ரிசீவ் செய்யட்டும். ரிசீவ் 0 தந்தால் எதிர்முனை அனுப்புவதை முடித்துக்கொண்டது என்று பொருள். நீளம் கிடைத்ததும், நினைவகம் ஒதுக்கும் முன்பே உச்சவரம்பைச் சோதியுங்கள். பெரும்பாலான சேவைகளுக்கு 1 எம்பி தாராளம். லாகில் நீளம் 1195725856 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம்: யாரோ உங்கள் போர்ட்டில் எச்டிடிபி (இணையதளங்களுக்கான புரோட்டோகால்) பேசியிருக்கிறார்கள். ‘ஜி’, ‘ஈ’, ‘டி’, ஒரு இடைவெளி ஆகிய நான்கு பைட்டுகளும் நீளமாகப் படிக்கப்பட்டால் வருகிற எண் அது. வரம்பு இல்லாத சர்வர் அதற்காக 1 ஜிபிக்கு மேல் ஒதுக்கப் பார்க்கும்.

தெரியாத வகை வந்தால் இணைப்பைத் துண்டிக்காமல், நீளத்தைப் பார்த்துத் தாண்டிப் போங்கள். எச்டிடிபி/2 செய்வதும் இதுதான். பழைய கிளையன்டுகளை வைத்துக்கொண்டே புது வகைகளைச் சேர்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

சும்மா கிடக்கும் இணைப்பை இடையிலுள்ள ஃபயர்வால் சத்தமில்லாமல் மறந்துவிடும். லினக்ஸில் டிசிபி கீப்அலைவை (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வசதியை) இயக்கினாலும், இயல்பாக 7,200 விநாடி கழித்துத்தான் விழிக்கும். 30 விநாடிக்கு ஒரு பிங் அனுப்பி, தொடர்ந்து மூன்றுக்குப் பதில் இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

ஹெடரையும் உடலையும் தனித்தனியாக எழுதினால், நேகல் அல்காரிதமும் (முந்தையதற்கு ஒப்புகை வரும்வரை சிறு துண்டுகளை நிறுத்திவைப்பது) தாமத ஏசிகேயும் (எதிர்முனை ஒப்புகையைத் தள்ளிப்போடுவது) ஒன்றுக்கொன்று காத்திருக்கும். லினக்ஸில் சுமார் 40 மில்லிவிநாடி வீணாகும். இரண்டையும் ஒரே பஃபரில் சேர்த்து எழுதுங்கள்.