கட்டுமான மேலாண்மை மேற்படிப்பு: கடன் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் சைட்டுக்கு ஆள் எடுத்தோம். வந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் பி.இ. சிவில் முடித்த கையோடு கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜ்மென்ட்டில் மேற்படிப்பும் முடித்தவர்கள். ஐவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "ஐந்து மீட்டர் ஸ்பேன் ஸ்லாப். கான்கிரீட் போட்டு எத்தனையாவது நாள் முட்டு பிரிப்பீர்கள்?" (முட்டு என்பது கான்கிரீட் இறுகும்வரை ஸ்லாப்பைக் கீழிருந்து தாங்கும் கம்பு; ஸ்பேன் என்பது இரண்டு தாங்கிகளுக்கு நடுவே உள்ள தூரம்.) ஒருவர் ரிசோர்ஸ் லெவலிங், அதாவது ஆளையும் பொருளையும் சீராகப் பங்கிடுவது பற்றிப் பேசினார். இன்னொருவர் ஏழு நாள் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருடத்துக்கு முன் அதே ஏழு நாளை நம்பி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது.

கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, ஹாஸ்டல் எப்படி என்பதையெல்லாம் நீங்களே விசாரித்துக்கொள்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சைட்டை மிதிக்காமல் சேர்வது

இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடிவதில்லை, ஏனென்றால் செய்தவன் நான்.

பி.இ. முடித்த அதே வருடம் கடன் வாங்கிச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து நேராக பிளானிங் இன்ஜினியர். முதல் வேலையாக, ஏழு நாளுக்கு ஒரு தளம் என்று ப்ரைமவெரா மென்பொருளில் அழகாக ஷெட்யூல் போட்டேன். அதை வைத்தே முட்டும் ஷீட்டும் ஒரே ஒரு செட்டுக்கு இண்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) போனது. இரண்டாம் தளம் ஆரம்பிக்கும்போது சென்ட்ரிங் மேஸ்திரி என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், கீழ நிக்கிற முட்டப் பிரிக்காம மேல எத வச்சு அடிக்கிறது?"

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 தெளிவாகவே சொல்கிறது. ஸ்லாப் ஸ்பேன் 4.5 மீட்டர் வரை என்றால் ஏழு நாளில் முட்டு எடுக்கலாம். அதைத் தாண்டினால் 14 நாள்; எங்களுடையது இந்த ரகம்தான். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீம் என்றால் 21 நாள். இதை எழுதித்தான் செமஸ்டரில் மார்க் வாங்கினேன். ஆனால் முட்டு என்பது வாடகை, லாரி, இறக்குகூலி என்று கண்ணால் பார்த்ததில்லை. கூடுதல் செட் வாடகைக்கு வந்து சேரப் பத்து நாள் ஆனது. அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த ஆட்களின் கூலி எங்கள் தலையில்.

அது கம்பெனியின் நஷ்டம். என்னுடையது வேறு. ஆறே மாதத்தில் என்னை எக்ஸிக்யூஷனுக்கு, அதாவது சைட்டில் வேலையை நடத்தும் பக்கம் மாற்றினார்கள். அங்கே எனக்கு சீனியர், என்னோடு பி.இ. படித்துவிட்டு நேரே வேலைக்குப் போன வகுப்புத் தோழன். எம்-புக் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) எழுதுவது, சப்-கான்ட்ராக்டர் பில்லில் எந்த அளவு இரண்டு முறை வந்திருக்கிறது என்று பிடிப்பது, வந்த கம்பிக்கும் கட்டிய கம்பிக்கும் கணக்கு நேராக்குவது எல்லாம் அவனிடம்தான் கற்றேன். மூன்று வருடம் முடித்து அவன் கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தான். கேட் வழியாகச் சேர்ந்ததால் மாதாமாதம் உதவித்தொகை வேறு. தாமதக் கிளெய்ம் (வேலை தாமதமானதற்குக் கூடுதல் நேரமோ பணமோ கேட்பது) பாடம் நடக்கும்போது அவனுக்கு எந்த மழை, தாமதமாக வந்த எந்த டிராயிங் என்று மனதில் ஓடியிருக்கும். நான் அதே பாடத்தை மனப்பாடம் செய்தேன்.

பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வுக்குக்கூட, பட்டம் பெற்றவரிடம் மூன்று வருடம் திட்டங்களை நடத்திய அனுபவம் கேட்கிறார்கள். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். கடைசி வருடத்திலேயே எழுதி வைத்துவிட்டு சைட்டுக்குப் போகலாம். யாரும் துரத்தவில்லை.

படிப்பே வீண் என்று சொல்ல வரவில்லை. தாமதத்துக்கான காரணம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும், தவறினால் கிளெய்மே போய்விடும் என்கிறது ஃபிடிக் என்ற சர்வதேசக் கட்டுமான மாதிரி ஒப்பந்தம். அதை வகுப்பில்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாம் வருடம் ஒரு கிளெய்மைக் காப்பாற்றியது அந்தப் பாடம். கான்ட்ராக்ட்ஸ், பிளானிங் பக்கம் போக ஆசைப்படுபவருக்கு இந்தப் பட்டம் கைகொடுக்கும். ஒன்பது வருடம் வங்கி பொறுத்திருக்காது, அவ்வளவுதான்.

ஃபீஸை மட்டும் கூட்டுவது

ஒரு கணக்கு போடுவோம். வருடம் ஐந்து லட்சம் வீதம் 10 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம். படிக்கும் இரண்டு வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த மூன்று வருடத் தனிவட்டி மட்டும் 2,62,500 ரூபாய். அது அசலில் சேர்ந்து, ஏழு வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறத்தாழ 21,300. அந்த மூன்று வருடமும் வட்டியை மாதாமாதம் கட்ட வீட்டில் முடிந்தால் இது 16,900க்கு இறங்கும்.

இதோடு, அந்த இரண்டு வருடம் சைட்டில் மாதம் 20,000 வாங்கியிருந்தால் வந்திருக்கும் 4,80,000 ரூபாயையும் செலவுப் பக்கம் எழுதுங்கள். நாற்பதாயிரம் சம்பளம் கிடைக்கும் என்று கல்லூரி சொன்னால், முழு நாற்பதையும் வரவில் எழுதாதீர்கள். படிக்காமல் அதே இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தால் முப்பது வந்திருக்குமே. மிச்சம் பத்துதான் பட்டம் தந்தது. அதை 21,300க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். (வருமான வரியில் கல்விக்கடனுக்குச் சலுகை இருக்கிறதே என்பார்கள். வட்டிக்கு மட்டும், எட்டு வருடம், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்.)

சராசரிச் சம்பளத்தை நம்புவது

வெளிநாட்டு வேலை கிடைத்த ஒருவர் போதும், சராசரி ஏறிவிடும். வரிசையில் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் பதில்தான்.

லண்டனில் வேலை பார்த்தே அடைத்துவிடலாம் என்பது

அங்கே படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடத் தரும் இரண்டு வருட விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். உங்கள் கடனோ ஏழு வருடம்.

அரசு வேலைக்கு உதவும் என்று சேர்வது

டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் பணிக்கு பி.இ. சிவில் போதும்.

முதல் நாளே மேனேஜர்

இல்லை.

ஏழு நாள் என்று சொன்ன தம்பியை எடுத்துக்கொண்டோம். பிளானிங்கில் போடச் சொல்லிக் கேட்டார். ஆறு மாதத்துக்கு சென்ட்ரிங் மேஸ்திரியோடு விட்டிருக்கிறேன். அவருடைய தவணை ஆகஸ்டில் ஆரம்பிக்கிறதாம்.