படத்துக்கு மாற்றுரை எழுதுவது எப்படி?

எங்கள் ஊர் இணையத்தளங்களில் மரண அறிவித்தல் அநேகமாக ஒரு படமாகத்தான் வரும். பெயர், பிறப்பிடம், வதிவிடம், கிரியை நேரம், தகனம் நடக்கும் மயானம் எல்லாம் அந்தப் படத்துக்குள். கண் தெரியாத ஒருவர் திரைவாசிப்பானோடு, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளோடு, அந்தப் பக்கத்தைத் திறந்தால், சிலவேளை 'படம்' என்ற சொல் மட்டும் கேட்கும். சிலவேளை வாட்ஸ்அப் வைத்த கோப்புப் பெயர் இலக்கம் இலக்கமாக வரும். சிலவேளை ஒன்றுமே வராது. செத்தது சொந்தக்காரர் என்றாலும் அவருக்குத் தெரியாது.

இதற்குத்தான் மாற்றுரை, படத்துக்குப் பதிலாக வாசிக்க நாம் எழுதிவைக்கும் சிறு உரை. இணையப் பக்கத்தில் சாதாரணமாகத் தெரியாது, திரைவாசிப்பான் வாசிக்கும்.

முதலில், இந்தப் படம் இங்கே ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படம் ஒன்றை எடுப்போம். சுற்றுலாப் பக்கம் என்றால், "யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெண்ணிற முகப்பு, முன்னால் சரஸ்வதி சிலை". வரலாற்றுக் கட்டுரை என்றால், "1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், திருத்திக் கட்டிய பின்". அதே படத்தை அழுத்தினால் வழிகாட்டி வரைபடம் திறக்குமென்றால், "நூலகத்துக்குப் போகும் வழி". சிலையும் வெள்ளை நிறமும் அங்கே யாருக்கும் தேவையில்லை. படம் ஒன்று, உரை மூன்று. புதிதாக எழுதுபவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் இதில் அவசரப்படாதீர்கள்.

பிறகு, ஒரு வசனத்தில், கூடினால் இரண்டில் எழுதுங்கள். போனில் கதைக்கும் ஒருவருக்கு அந்தப் படத்தைச் சொல்வதுபோல் நினைத்தால் சரியாக வரும். "இது ஒரு படம்" என்று தொடங்க வேண்டாம், அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

படத்துக்குள் எழுத்து இருந்தால் அந்த எழுத்துத்தான் மாற்றுரை. கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் போல நீளமானவற்றை முழுதாக அங்கே திணிக்காதீர்கள். "மரண அறிவித்தல், விபரம் கீழே" என்று பெயரோடு போட்டுவிட்டு, முழு விபரத்தையும் படத்துக்குக் கீழே சாதாரண எழுத்தாகத் தட்டச்சுங்கள். போனில் சின்ன எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அப்பா அம்மாவுக்கும் அது உதவும்.

வெறும் அலங்காரம், பூ, கோலக்கரை? மாற்றுரை எழுதும் ஆல்ட் (alt) பண்பை எச்டிஎம்எல்லில் வைத்து, மேற்கோள்குறிகளுக்குள் ஒன்றும் எழுதாமல் விடுங்கள். திரைவாசிப்பான் தாண்டிப் போகும். பண்பையே எடுத்துவிட்டால் கோப்புப் பெயர் வாசிப்பு திரும்ப வரக்கூடும்.

எங்கே எழுதுவது? இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் (HTML) மொழியில் என்றால், படத்தின் குறிக்குள் அந்த ஆல்ட் பண்பில். இணையத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ்ஸில் படத்தைத் தெரிவு செய்தால் பக்கத்தில் மாற்று உரைக்குப் பெட்டி வரும். படவிளக்கப் பெட்டி வேறு, அதில் எழுதுவது படத்தோடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நானே முதலில் இரண்டையும் குழப்பி, ஒரே வசனத்தை இரண்டிலும் போட்டேன். கேட்பவருக்கு அது இரண்டு தரம் வரும்.

கடைசியாக, கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான், விண்டோஸ் கணினியில் இலவசமான என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான். திரையைப் பார்க்காமல் கேளுங்கள். தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரல் கடித்துக் குதறினாலோ, பேசாமல் விட்டாலோ, பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருக்கிறதா, போனில் தமிழ்க் குரல் இருக்கிறதா என்று பாருங்கள்.