கிரேப்பும் கலமான்சிப் பாகும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோசை வார்த்துப் பழகியவர்களுக்கு, பிரெஞ்சுக்காரர்களின் மெல்லிய அப்பமான கிரேப் எளிதாகக் கைவரும் என்று தோன்றும். ஆனால், பெரும்பாலான தவறுகள் அந்தப் பழக்கத்திலிருந்தே வருகின்றன.

ஒரு தவறு மட்டும் கடையிலேயே நேர்ந்துவிடுகிறது. சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் மைதாவுக்குப் பக்கத்திலேயே ‘செல்ஃப் ரைசிங்’ மாவும் இருக்கும். பேக்கிங் பவுடர் கலந்த அந்த மாவில் வார்த்தால் கிரேப் தடித்து உப்பிவிடும். சாதாரண மைதா 125 கிராம், முட்டை 2, பால் 300 மில்லிலிட்டர், உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை இருந்தால் சுமார் எட்டு கிரேப்புகள் வார்க்கலாம். பாலை ஒரேயடியாக ஊற்றினால் மாவு கட்டி தட்டும். முட்டையையும் பாலில் மூன்றில் ஒரு பங்கையும் மட்டும் முதலில் சேர்த்துக் குழைத்து, மீதியைப் பிறகு சிறிது சிறிதாக விட வேண்டும். அப்படியும் கட்டிகள் இருந்தால் வடிகட்டிவிடுவதே நல்லது. விடாமல் அடித்தால் மாவில் பசைத்தன்மை ஏறி, கிரேப் ரப்பர்போல் இழுபடும்.

கரைத்த மாவை அரை மணி நேரமாவது ஊறவிட வேண்டும்; மாவுத்துகள்கள் பாலை உறிஞ்சவும், ஏறிய பசைத்தன்மை தளரவும் அந்த நேரம் தேவை. ஆனால் இது புளிக்க வைக்கும் மாவன்று. பச்சை முட்டையும் பாலும் கலந்ததை நம் ஊர் வெப்பத்தில் மேசைமேல் விட்டுவைக்காமல், குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது கெட்டியாகியிருந்தால் ஓரிரு கரண்டி பால் சேர்த்துத் தளர்த்திக்கொள்ளலாம்.

அடுப்பில்தான் தோசைக் கை நம்மை ஏமாற்றும். விளிம்பில்லாத தோசைக்கல்லில் இந்த நீர்த்த மாவு வழிந்தோடும். 24 சென்டிமீட்டர் அகலமுள்ள நான்ஸ்டிக் தவா பொருத்தமானது. மிதமான தீயில் அது சூடானதும், வெண்ணெயைத் தாளால் தொட்டுத் துடைத்தாற்போல் தடவினால் போதும். சுற்றிலும் எண்ணெய் விட்டால் கிரேப் பொரிந்துவிடும். கால் கோப்பை மாவை நடுவில் ஊற்றியவுடன் தவாவைத் தூக்கிச் சாய்த்துச் சுழற்ற வேண்டுமே தவிர, கரண்டியால் தேய்த்துப் பரப்பக்கூடாது. தேய்த்தால் அதற்குள் வெந்துவிட்ட அடிப்பக்கம் கிழியும். சுமார் ஒரு நிமிடத்தில் ஓரம் உலர்ந்து தானாக எழும்பும்போது திருப்பினால், மறுபக்கத்துக்கு அரை நிமிடம்கூட வேண்டியதில்லை. முறுகலுக்காகக் காத்திருப்பது வீண். மடித்தால் முறியாத மென்மைதான் கிரேப்பின் இலக்கணம். சுட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினால், அவற்றின் ஆவியே அவற்றை மென்மையாக வைத்திருக்கும்.

கிரேப்மேல் ஊற்றும் பாகில் நேரும் முக்கியமான தவறு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிடுவது. ஆரஞ்சுத் தோலின் மணம் அதன் மேற்பரப்பு எண்ணெயில் இருக்கிறது. அதற்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். ஆகவே மேல்தோலை மட்டும் இலேசாகத் துருவி, 60 கிராம் சீனியோடு விரல்களால் கசக்க வேண்டும். சீனி ஈரமாகி மணக்கத் தொடங்குவதே சரியான பதம். இரண்டு ஆரஞ்சுகளின் சாற்றை அதனுடன் சேர்த்துப் பாதியாகச் சுண்டவிடலாம். புளிப்புக்கு ஈரச்சந்தையில் கிடைக்கும் கலமான்சி என்ற சிறிய எலுமிச்சை வகைப் பழம் மூன்று அல்லது நான்கு போதும். விதைகள் மிகுந்த பழம் என்பதால் பிழிந்து வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் அதன் மணம் ஆவியோடு போய்விடும். அதன்பின் 40 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்கினால் பாகு பளபளப்பாகத் திரளும். கொதிக்கும் பாகில் போட்டால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். பழச்சாற்றின் அமிலம் இரும்போடு சேர்ந்தால் உலோகச் சுவை ஏறுமாதலால், இரும்பு வாணலியைத் தவிர்ப்பது நல்லது.

ஆரஞ்சுப் பாகோடு பரிமாறும் கிரேப் சூசெட்டுக்கு உணவகங்களில் ஆரஞ்சு மதுவை ஊற்றித் தீ மூட்டுவார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய சமையலறையில், புகைபோக்கிக்கு நேர்கீழே அந்த வித்தை வேண்டாம். பாகைப் பரிமாறும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். முன்கூட்டியே ஊற்றி வைத்தால் கிரேப் நொதநொதத்துவிடும். மிஞ்சிய பாகு குளிர்பதனப் பெட்டியில் உறைந்திருந்தால், ஒரு கரண்டி ஆரஞ்சுச் சாறு விட்டு, மிகக் குறைந்த தீயில் கலக்கிச் சூடாக்கலாம்.