முதல் எல்லை தாண்டல்: ஜெர்மனிக்குப் படிக்க வந்தவர்கள் பக்கத்து நாட்டுக்குப் போய்வரும் வழி

ஜெர்மனிக்குப் படிக்க வந்த முதல் மாதமே வீட்டிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் வரும் கேள்வி, "பாரிஸ் எப்போ போறே?" என்பதுதான். பாரிஸ் எங்கும் ஓடிப்போகாது. உங்கள் முதல் வெளிநாட்டுப் பயணம் காலையில் கிளம்பி, இரவு உங்கள் அறைக்கே வந்து தூங்கக்கூடியதாக இருக்கட்டும். அறை வாடகை கிடையாது, பெட்டி தூக்க வேண்டாம், ஏதாவது தவறினால் அடுத்த வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடலாம். எந்தத் தாள் வேண்டும், டிக்கெட் எதுவரை செல்லும், போன் வேலை செய்யுமா என்பதெல்லாம் அந்த ஒரே நாளில் கைக்கு வந்துவிடும்.

நான் படிப்பது ஆஹனில். நகரத்தின் மேற்கு ஓரத்தில் நெதர்லாந்து, தெற்கே பெல்ஜியம். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போய்வருகிற மாதிரி இங்கே நாடு விட்டு நாடு போய்வருகிறார்கள். அதனால் ஆஹனை வைத்தே சொல்கிறேன். உங்கள் ஊர் வேறு என்றாலும் முறை இதுதான்.

படி 1: முதலில் தாள்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தந்த, நீண்ட காலம் தங்குவதற்கான ஜெர்மன் டி வகை விசா செல்லுபடியில் இருந்தாலும் சரி, பிறகு வாங்கிய ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை இருந்தாலும் சரி, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்க ஒப்பந்தம் செய்துகொண்ட மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா தேவையில்லை. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை அந்த நாடுகளில் இருக்கலாம். ஜெர்மனிக்குள் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது.

ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. லண்டனுக்கு ரயிலில் போய்விடலாம் என்றாலும், இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அங்கே தனி விசா வேண்டும்.

விசா முடிந்துவிட்டது, அட்டை இன்னும் வரவில்லை, கையில் இருப்பது வெளிநாட்டவர் அலுவலகம் தந்த தற்காலிகச் சான்றான ஃபிக்ஷன் சர்ட்டிஃபிகேட் மட்டும்தான் என்றால் எல்லை தாண்ட வேண்டாம். அதைக் காட்டிப் பக்கத்து நாட்டுக்குப் போகலாமா என்பது அது எந்தச் சட்டப் பிரிவில் தரப்பட்டது என்பதைப் பொறுத்தது. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை ஜெர்மனிக்குள்ளேயே பார்க்க ஏராளமான இடங்கள் இருக்கின்றன.

போகும்போது பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். திரும்பும்போது கேட்கலாம். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. பிரஸ்ஸல்ஸிலிருந்து இரவுப் பேருந்தில் திரும்பியபோது, எல்லை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டிக் காவலர்கள் ஏறினார்கள். என் நண்பனிடம் பெர்மிட் அட்டை இருந்தது, பாஸ்போர்ட் அறையில் இருந்தது. போனில் இருந்த படத்தைக் காட்டினான். அவனைக் கீழே இறக்கி, கணினியில் சரிபார்த்து மீண்டும் ஏற்றுவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அவர்கள் கண்ணியமாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் அந்த அரை மணி நேரத்தில் அவன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. பாஸ்போர்ட், அட்டை இரண்டும் அசலாகவே கையில் இருக்கட்டும்.

அடுத்து மருத்துவக் காப்பீடு. ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவ அட்டை. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் போன்ற நாடுகளில் அவசர சிகிச்சைக்கு அது போதும். ஆனால் ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத நமக்கு டென்மார்க், சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளில் அந்த அட்டை செல்லாது. அங்கே போவதற்கு முன் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள். தனியார் காப்பீட்டில் இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும்.

படி 2: அருகில் இருக்கும் எல்லையைத் தேடுங்கள்

வரைபடத்தில் உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மியூனிக் என்றால் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். ஃபிரைபர்க் என்றால் சுவிட்சர்லாந்தின் பாசல். சார்புருக்கன் என்றால் டிராம் ஏறினாலே பிரான்ஸின் சார்கெமின். கேலிலிருந்து பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்குக்கும் டிராம் உண்டு. கான்ஸ்டன்ஸ், கோர்லிட்ஸ் ஊர்க்காரர்கள் நடந்தே வேறு நாட்டுக்குப் போய்விடலாம்.

படி 3: டிக்கெட் எந்த நிறுத்தம் வரை?

ஜெர்மனி முழுவதும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் அதே வசதி செமஸ்டர் டிக்கெட்டாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. உள்ளூர்ப் பேருந்து, டிராம், எஸ்-பான், ஆர்இ, ஆர்பி என்ற வட்டார ரயில்களில் செல்லும். ஐசிஇ, ஐசி என்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது.

பொதுவாக ஜெர்மன் எல்லையோடு இதன் கணக்கு முடிந்தது. சில இடங்களில் மட்டும் எல்லை தாண்டியும் செல்லும். மியூனிக்கிலிருந்து ஆர்இ ரயிலில் சால்ஸ்பர்க் முதன்மை நிலையம் வரை இதிலேயே போகலாம். ஆகவே ஏறும்முன் உங்கள் ஊர்ப் போக்குவரத்துக் கழகத்தின் தளத்தில் எந்த நிறுத்தம் வரை என்று பாருங்கள், மீதித் தூரத்துக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். ஆஹனிலிருந்து நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் வழியாகப் பெல்ஜியத்தின் லியேஜ் வரை, மூன்று நாடுகளைக் கோத்து 2024 ஜூனிலிருந்து ஒரே ரயில் ஓடுகிறது. மாஸ்ட்ரிக்டுக்கு 350 எண் பேருந்தும் உண்டு. அது மலையும் மேடுமான கிராமங்கள் வழியே போவதால் நேரம் கூடுதல், பார்க்க அழகு.

நெதர்லாந்துக்குள் போய்விட்டால் டிக்கெட்டே வாங்க வேண்டாம். காண்டாக்ட்லெஸ் வங்கி அட்டையை நிலையத்துக் கம்பத்தில் வைத்தால் பீப் சத்தத்தோடு பச்சை எரியும். இறங்கும்போது மறக்காமல் மீண்டும் வையுங்கள். மறந்தால் போகாத தூரத்துக்கும் காசு பிடிப்பார்கள். ஏறும்போது அட்டையை வைத்துவிட்டு இறங்கும்போது போனை வைக்காதீர்கள். ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு அட்டைகள்.

படி 4: ஊருக்கு எத்தனை பெயர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்களிடம் யாரும் சொல்லாத விஷயம் இது. நீங்கள் லியேஜ் என்று தேடும் ஊர் ஜெர்மன் பலகையில் லுட்டிஷ், டச்சுப் பலகையில் லவுக். திரும்பி வரும்போது நம் ஆஹனும் நெதர்லாந்தில் ஆகன், பெல்ஜியத்தின் பிரெஞ்சுப் பகுதியில் ஏக்ஸ்-லா-ஷப்பெல். ஆஹன் என்ற எழுத்தைத் தேடிக்கொண்டே நின்றால் கண்ணெதிரே இருக்கும் வண்டி போய்விடும். ஆறும் பெயர் மாற்றிக்கொள்கிறது: லியேஜில் ம்யூஸ் என்று ஓடுவதுதான் மாஸ்ட்ரிக்டில் மாஸ்.

போகும் ஊரின் பெயரையும் திரும்பும் ஊரின் பெயரையும் மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் அந்தத் தாள் உதவும்.

படி 5: பையும் சாப்பாடும்

ஒரு முதுகுப் பை போதும். மழைச் சட்டை, தண்ணீர் பாட்டில், பவர்பேங்க், கழிப்பறைக்குச் சில்லறை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2017 ஜூன் முதல் ரோமிங்குக்குத் தனிக் காசு இல்லை, சுவிட்சர்லாந்துக்கு இது பொருந்தாது. யூரோ இல்லாத நாட்டில் அட்டை இயந்திரம் "யூரோவிலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள். யூரோ என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

சாப்பாட்டுக்கு நான் சொல்வது புளியோதரை. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் இருந்தால் இரவே கிளறி, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் அடைத்துவிடுங்கள். மறுநாள் மதியம் ருசி கூடித்தான் இருக்கும். விசாவுக்காக முன்பே பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்து அதில் வாடகையும் காப்பீடும் கட்டுபவர்களுக்கு, வெளியே சாப்பிடும் ஒரு வேளை மிச்சமானால் அது அடுத்த பயணத்துக்கான டிக்கெட்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் பழைய வழக்கம், இன்றும் பல கடைகளில் அப்படித்தான். "சைவமா?" என்று கேட்டால் உருளைக்கிழங்குதானே என்று ஆமாம் சொல்லிவிடுவார்கள். "எதில் பொரிக்கிறீர்கள், எண்ணெயிலா?" என்று கேளுங்கள். தாவர எண்ணெய்க் கடைகளும் இருக்கின்றன.

படி 6: மூன்று நாடும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குப் போங்கள்

ஆஹனிலிருந்து பேருந்தில் ஏறி நெதர்லாந்தின் வால்ஸ் ஊரில் இறங்குங்கள். எல்லை எங்கே வந்தது என்று தெரியாது; கடைப் பலகைகளின் எழுத்து மாறியிருக்கும், கார்களின் நம்பர் பலகை மஞ்சளாகியிருக்கும், அவ்வளவுதான். அங்கிருந்து மேட்டில் முக்கால் மணி நேர நடை. வால்சர்பர்க் குன்றின் உச்சி 322 மீட்டர். ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்துப் பகுதியின் மிக உயர்ந்த இடமே இதுதான்.

மலைமேல் ஏறும் சாலையின் பெயர்ப் பலகையைக் கவனியுங்கள். அதன் டச்சுப் பெயருக்கு "நான்கு எல்லைகளின் சாலை" என்று பொருள். மூன்று நாடுகள்தானே, நான்காவது எங்கே? நெப்போலியன் வீழ்ந்த பிறகு இந்தப் பகுதியைப் பங்கு போட்டபோது, கெல்மிஸ் ஊரில் இருந்த துத்தநாகச் சுரங்கத்தை விட்டுக்கொடுக்க நெதர்லாந்துக்கும் மனமில்லை, அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கும் மனமில்லை. 1816-இல் சுரங்கத்தைச் சுற்றியிருந்த சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டரை யாருக்கும் இல்லாமல் நடுநிலை மோரஸ்னெட் என்று விட்டுவிட்டார்கள். பிறகு பெல்ஜியம் தனி நாடானதும் இந்தக் குன்றில் நான்கு எல்லைகள் கூடின. 1908-இல் அந்தத் துண்டு நிலத்தை உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ பேசும் நாடாக்க ஒரு முயற்சியும் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கைப்படி பெல்ஜியத்தோடு சேர்ந்தது. சுரங்கம் மூடிப் பல காலம் ஆகியும் சாலை அந்தப் பெயரை விடவில்லை.

உச்சியில் மூன்று எல்லையும் சேரும் இடத்தில் நிற்பது இடுப்பளவு உயரக் கல்தூண். அவ்வளவு சிறியது. அதைச் சுற்றித் தரையில் கோடுகள். சின்னக் குழந்தைகள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள், ஒரு சுற்றுக்கு மூன்று நாடு. நான் முதல்முறை போனபோது தூணில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். விசா வாங்கத் தூதரகத்தில் நின்ற வரிசையும், திரும்பத் திரும்ப எடுத்த நகல்களும் நினைவுக்கு வந்தன. இங்கே ஒரு பெரியவர் நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெல்ஜியத்திலிருந்து ஜெர்மனிக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறவுங்கள். பெல்ஜியப் பக்கம் ஐம்பது மீட்டர் கோபுரம் ஒன்று உண்டு, வானம் தெளிவாக இருந்தால் ஏறலாம்.

இறங்கும்போது வந்த வழியே திரும்பாமல் ஜெர்மன் பக்கக் காட்டுப் பாதையில் நடக்கலாம். டிசம்பரில் மட்டும் வேண்டாம். நாலரை மணிக்கெல்லாம் காடு இருட்டிவிடும்.

படி 7: அடுத்தடுத்த பயணங்கள்

இரண்டாவது பயணத்துக்கு மாஸ்ட்ரிக்ட். 1294-இல் அர்ப்பணிக்கப்பட்ட டொமினிக்கன் தேவாலயம் இன்று புத்தகக் கடை. உள்ளே போகக் கட்டணமில்லை. தூண்களுக்கு நடுவே எழும்பும் இரும்பு அடுக்குகளில் ஏறிப் போனால் கூரை ஓவியங்களுக்கு அருகே போய்விடலாம். பலிபீடம் இருந்த பகுதியில் காபி குடிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமிட்ட உடன்படிக்கை 1992 பிப்ரவரி 7 அன்று கையெழுத்தானதும் இந்த ஊரில்தான்.

மூன்றாவது லியேஜ். ரயிலை விட்டு இறங்கியதும் வெளியே ஓடாமல் நிலையத்தையே பாருங்கள். சாந்தியாகோ கலட்ராவா வடிவமைத்து 2009-இல் திறந்தது, முகப்புச் சுவரே இல்லாமல் எஃகும் கண்ணாடியுமாகக் கவிந்திருக்கிறது. ஊருக்குள் 374 படிகளுள்ள பியூரன் படிக்கட்டு உண்டு. ஏறிவிட்டு வந்தால் சூடான லியேஜ் வாஃபிள் தனி ருசி.

இவ்வளவும் பழகிய பிறகு ஓர் இரவு தங்கும் பயணம் போகலாம். நான் சொல்வது லக்சம்பர்க். 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பேருந்து, டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம். எல்லை வரை வருவதற்கு மட்டும்தான் டிக்கெட். முதல் நாள் தலைநகரைப் பாருங்கள். மறுநாள் ஷெங்கன் கிராமத்துக்குப் பேருந்தில் போங்கள். விசா பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சொல்லும் ஷெங்கன் என்பது ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. 1985 ஜூன் 14 அன்று மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. பார்த்துவிட்டுப் பாலத்தில் நடந்தால் அக்கரை ஜெர்மனி. பெர்ல் ரயில் நிலையத்திலிருந்து உங்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட் மறுபடி செல்லும். டிரியர் பக்கம் போகும் கடைசி ரயிலின் நேரத்தை மட்டும் முதல் நாளே குறித்து வையுங்கள்.